பெரட்டில் கூப்பிடாத பெயர்

பயிற்சி அறையில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தக் காலத்தில் நச்சுவாயு கசிந்தால் என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு போவீர்கள் என்பதுதான். காற்சட்டையும் ரப்பர் பூட்சும்தான் தம்பி, வேறென்ன? உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஆரஞ்சு நிற உடுப்பைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் ஆயுசில் பாதியை இந்த வேலையில் கழித்தவன் சொல்கிறேன். உடுப்பு உங்களைக் காப்பாற்றும், ஊரைக் காப்பாற்றாது. அதற்கு வேறு சில சங்கதிகள் வேண்டும். அவற்றில் முக்கியமான ஒன்றை நான் எண்பதுகளில், ஈஜோக் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் கற்றுக்கொண்டேன்.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் இன்று புக்கிட் செந்தோசாவில் என் அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கிறார்கள். ஒரு விவரம் தவறாக எழுதினால் காலையில் கடைக்கு ரொட்டி வாங்கப் போகிற என்னைப் பிடித்து நிறுத்தி, "தேவசகாயம் அண்ணே, அன்னைக்கு அப்படி நடக்கலியே" என்பார்கள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது நான் கிள்ளானில் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். அமிலம், அமோனியா போன்ற சரக்குகளைத் தொட்டிகளில் நிரப்புவதும், காலி செய்வதும், எங்காவது ஒழுகினால் ஓடிப்போய் அடைப்பதும் எங்கள் வேலை. ஓடிப்போய் என்று எழுதிவிட்டேன். எங்கள் போர்மன் இதைப் படித்திருந்தால் அந்த வார்த்தையை அடித்துவிட்டுத்தான் மேலே படித்திருப்பார்.

அவர் சுங்கை செம்பிலாங் பக்கத்து மலாய்க்காரர், மீனவக் குடும்பம். நாங்கள் அவரை 'அபாங்' என்போம், அண்ணன் என்று அர்த்தம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்களோடு மலாயில்தான் பேசுவார், அதுவும் அளந்து அளந்து. வேலை இடத்தில் யாராவது ஓடுவதைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "ஜாங்கான் லாரி!" என்பார். ஓடாதே என்பதுதான் அது. ஓடுகிறவன் இரண்டு பங்கு மூச்சு வாங்குவான், அரைப் பங்கு யோசிப்பான் என்பது அவர் கணக்கு. எனக்கு அப்போது இளரத்தம். இந்த ஆள் என்ன எப்போதும் சவ ஊர்வலத்தில் போவதுபோல நடக்கிறார் என்று உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன்.

தோட்டத்து விஷயம் இதுதான். அங்கே முன்பு ரப்பர் பால் பதப்படுத்தும் ஆலை இருந்தது. பால் உறைந்துபோகாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். பிறகு பால் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். ஆலையை மூடினார்கள், இயந்திரங்களை விற்றார்கள், தோட்டமே கைமாறியது. பின்புறத்தில் நின்ற அமோனியாத் தொட்டியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. விற்றவர் வாங்கியவர் பொறுப்பு என்றார், வாங்கியவர் விற்றவர் பொறுப்பு என்றார். நடுவில் பாதி நிறைந்த தொட்டி வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கூப்பிடு தூரத்தில் லயங்களில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில், மனிதர்கள் குடியிருந்தார்கள்.

அந்தத் தொட்டியின் வால்வைப் பழைய சாமான்காரனிடம் போட யாரோ திருகப் பார்த்திருக்கிறார்கள். வால்வு கழன்று வரவில்லை, தளர்ந்து விட்டது. யார் என்று கடைசி வரை தெரியவில்லை. கசிவு தொடங்கி நேரமாகியும் லயத்தில் ஒருவரும் பதறவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அபாங் கேட்கச் சொன்னார் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"வாடை வந்துச்சுதான். அது என்னா புதுசா? பால் ஸ்டோர் வாடைதானே? நாங்க அதுலயே பொறந்து வளந்தவுங்க" என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. நானும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வாளி தூக்கி வளர்ந்தவன். அமோனியா வாடை எங்களுக்கு வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். வாடை வந்தால் சம்பளம் வரும். ஆலை மூடிய பிறகும் வாடை வருகிறதே என்று யோசிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதப் புதிதாக வந்திருந்த கிராணிதான் கண் எரிந்து, இருமல் வந்து, எங்கள் கம்பெனிக்குப் போன் செய்தார். நாங்கள் லோரியில் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். ஆலைக்குப் பின்னால் தரையோடு தரையாக வெள்ளைப் புகை தவழ்ந்துகொண்டிருந்தது.

இடத்தின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நடுவில் ஆலை. மேற்கே, கடல் இருக்கும் திசையில், லயங்கள். கிழக்கே பெரட்டுக் களம். உங்களில் பலர் பட்டணத்துப் பிள்ளைகள், அதனால் சொல்கிறேன். தோட்டத்தில் தினமும் விடியும் முன் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் வேலை செய்ய வேண்டும் என்று மண்டோர் பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். லயத்திலிருந்து களத்துக்கு வர ஒரே பாதை. அது ஆலை வேலியை ஒட்டிப் போகிறது.

அபாங் தொட்டியைப் பார்க்கவே இல்லை. செம்பனை ஓலைகள் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உடனே போய் வால்வை அடைக்கலாமே என்றேன்.

"கடல் காற்று. மேற்கிலிருந்து வருகிறது. புகை களத்துப் பக்கம் போகிறது. லயத்துக்கு இப்போது ஆபத்தில்லை. எல்லாரும் வீட்டிலேயே இருக்கட்டும், நாங்கள் சொல்கிற வரை யாரும் இந்தப் பாதையில் வரக்கூடாது என்று சொல்லிவிடு" என்றார்.

அங்கே மண்டோர் வீராசாமி என்று ஒருவர். காக்கிக் காற்சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். நல்ல மனிதர், தோட்டம் முழுக்க அவர் பேச்சைக் கேட்கும். நான் அவரிடம், "மண்டோர், லயத்துல எல்லாருக்கும் சேதி சொல்லிடுங்க. வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். இந்தப் பக்கம் யாரும் வரப்படாது" என்றேன்.

"அதுக்கு என்னா, சொல்லிட்டாப் போச்சுலா" என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். லயத்தை நோக்கிப் போகவில்லை, களத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஏதோ குறுக்கு வழி என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் காற்று உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

பெரட்டு மணி. மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்கும் சத்தம். உங்களுக்கு அது வெறும் சத்தம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது காலில் கட்டிய கயிறு. பொய் சொல்லவில்லை, நான் தோட்டத்தை விட்டு வந்து பல வருடமாகியும், கையில் உருளையோடு நின்ற என் கால் களத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. அதன் பிறகுதான் மூளைக்கு உறைத்தது.

மண்டோரை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் சேதி சொல்லச் சொன்னோம். அவருக்குத் தெரிந்து எல்லாருக்கும் சேதி சொல்ல ஒரே வழிதான் இருந்தது. களத்துக்கு வரவழைத்து, வீட்டில் இருங்கள் என்று சொல்லப் போகிறார்.

லயத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரச் சேலையோடு, பிள்ளைகள் அம்மாக்களின் பின்னால், வயசாளிகள் அவர்களுக்கும் பின்னால். வேலி ஓரமாக, புகையின் விளிம்பை ஒட்டி, இருமிக்கொண்டே நடந்து போய்க் களத்தில் வரிசையாக நின்றார்கள். மணி அடித்தால் வர வேண்டும், வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். புகையும் அவர்களைத் தேடிக் களத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஓடுங்கள் என்று கத்தட்டுமா?" என்று அபாங்கிடம் கேட்டேன்.

"எங்கே ஓடுவார்கள்?"

வீட்டுக்குத்தான். வந்த பாதையில், வேலி ஓரமாக, இந்த முறை அடர்த்தியான புகைக்குள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, மூச்சிரைக்க. அபாங் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "இவர்கள் உன் ஜனங்கள். எப்படிச் சொன்னால் தெற்கே நடப்பார்கள்?"

காற்றுக்குக் குறுக்கே நடந்தால்தான் புகையைத் தாண்டலாம். தெற்கே செம்பனைக் காட்டு வழியாகப் போனால் தமிழ்ப் பள்ளிக்கூடம் வரும். லோரியில் வரும்போதே அதைப் பார்த்திருந்தேன். ஆனால் களத்தில் நிற்கிறவர்கள் யார் சொன்னால் எதற்கு நடப்பார்கள் என்று யோசித்தேன். அங்கேயே விடை நின்றுகொண்டிருந்தது, தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

நான் நடந்து போனேன், ஓடவில்லை. மண்டோரின் காதருகில் சொன்னேன்: "மண்டோர், யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லாதீங்க. பொகை இந்தப் பக்கந்தான் வருது. பேசாம பெரட்டு எடுங்க. எல்லாரையும் தெக்கே வேலைக்கு அனுப்புங்க."

"இந்த நேரத்துலயா? என்னா வேல குடுக்கறது?"

"ஆலத் தண்ணி போற கால்வாய் பள்ளிக்கூடத்துக்கிட்ட ஆத்துல விழுதுல்ல? அங்க மண்ணு போட்டு அடைக்கணும். இல்லாட்டி நாங்க இங்க பாய்ச்சப் போற தண்ணியெல்லாம் ஆத்துக்குப் போயிரும். மீனெல்லாம் செத்துப்போகும்."

இது அவரை நகர்த்த நான் கட்டிய கதையில்லை. கால்வாயை அடைப்பது எங்கள் வேலைப் பட்டியலில் இருந்தது, ஆள்தான் இல்லை. மண்டோர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அந்த நொடியில் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறியது. ஆனால் குரல் மாறவில்லை பாருங்கள், அதற்காகவே அந்த மனிதருக்கு நான் இன்றும் மரியாதை செய்வேன்.

விசிலை ஊதினார். பெயர் கூப்பிட ஆரம்பித்தார். விடியற்காலையில் கூப்பிடுகிற அதே இழுவையில், அதே அதட்டலில்.

"முனியம்மா!"

"இருக்கேன்!"

"சின்னச்சாமி!"

"இருக்கேன்!"

"வெளிக்காட்டு ஆளுங்கள்ளாம் களத்துக் கொட்டாயில கெடக்கற சங்குலத் தூக்கிட்டுத் தெக்கால நடங்க. பள்ளிக்கூடத்துக் கால்வாய அடைக்கணும். பிள்ளைங்கள, கெழடுகள கூடவே கூட்டிட்டுப் போங்க. ம், நடங்க!"

"என்னா மண்டோர், பொழுது சாயற நேரத்துல பெரட்டு? ரெட்டைச் சம்பளம் போடுவீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தொரைகிட்ட கேட்டுச் சொல்றேன்லா. மொதல்ல வாய மூடிட்டு நட" என்றார் மண்டோர். சிரித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு கூட்டமாக, தோளில் மண்வெட்டியோடு, ஆண்டாண்டு காலமாக நடந்த நடையில். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் விழவில்லை, ஒருவரை ஒருவர் தள்ளவில்லை. களம் காலியாகிக்கொண்டே வந்தது. பேரிடர் நேரத்தில் கூட்டத்தை நகர்த்துவது பற்றி உங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறார்களாம். நல்லது, கவனமாகக் கேளுங்கள். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊர் ஜனங்கள் யார் சொன்னால் யோசிக்காமல் நடப்பார்கள் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கூப்பிட்ட பெயர்களில் ஒன்று ராமு. "இருக்கேன்" என்றான். ஆனால் நகரவில்லை.

அப்போதுதான் ஓலைகள் நின்றன. கிழக்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் வரும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நாங்கள் நின்ற களத்தில் புகை தயங்கித் திரும்பி, லயத்தை நோக்கிப் போக ஆரம்பித்தது. காற்று மாறிவிட்டது. மணி அடிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எல்லாரும் அங்கே வீடுகளில் இருந்திருப்பார்கள்.

பிறகு பலர் இதைச் சொல்லி மண்டோரைப் பாராட்டினார்கள். அபாங் மட்டும் அன்றிரவு லோரியில் என்னிடம் சொன்னார்: "அதிர்ஷ்டம் வந்தால் நன்றி சொல்லிக்கொள். ஆனால் அதைத் திட்டம் என்று யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடாதே." அதனால் நானும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ராமு லயத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணே, என் சம்சாரம் சரோஜா வீட்லதான் இருக்கா. பச்ச ஒடம்பு. பிள்ளையும் கூட இருக்கு" என்றான்.

பிள்ளை பெற்றவள் என்பதால் அவள் விடுப்பில் இருந்தாள். விடுப்பில் இருப்பவர்களின் பெயரைப் பெரட்டில் கூப்பிடமாட்டார்கள். பிள்ளைக்கோ இன்னும் பெயரே வைக்கவில்லை, பிறந்த முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட பிறகுதான் வைப்பார்கள். மண்டோர் கூப்பிட்ட பெயர்களுக்கெல்லாம் குரல் வந்தது, எல்லாரும் பத்திரம் என்று நாங்களும் நினைத்துவிட்டோம். ஆலைக்கு மிகப் பக்கத்தில் இருந்த கடைசி வீடு ராமுவின் வீடு. வெள்ளைப் புகை அந்தக் கூரையை நோக்கி ஊர்ந்து போவது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

ராமு ஓட எத்தனித்தான். நானும் மண்டோரும் கட்டிப்பிடித்து நிறுத்தினோம். "விடுங்க அண்ணே, விடுங்க" என்று திமிறினான்.

எங்களிடம் முகமூடியோடு காற்று உருளை இரண்டே செட். ஒன்று வால்வை அடைக்கப் போகும் அபாங்குக்கு. மற்றது உள்ளே அவருக்கு ஏதாவது ஆனால் போய்த் தூக்கி வருவதற்கு. அது இல்லாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்பது அவர் வகுத்த சட்டம். அந்த இரண்டாவது செட்டைப் போட்டுக்கொண்டு நான் லயத்துக்குப் போனால், வால்வு வேலை அதுவரை நிற்கும். கசிவு தொடரும். வால்வை முதலில் அடைத்தால், அதற்குள் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று தெரியாது. இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு நேரமாகிறது. அபாங்குக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது.

"வீட்டில் ஜன்னல் திறந்திருக்குமா?" என்று கேட்டார். நான் ராமுவிடம் கேட்டேன்.

"எல்லாம் சாத்தித்தான் கெடக்கு. காத்துப் படக்கூடாதுன்னு எங்கம்மா சந்துபொந்தெல்லாம் சாக்குத்துணி வெச்சு அடைச்சிட்டாங்க."

அபாங்கின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அப்படியானால் அந்த வீடுதான் அவளுக்கு முகமூடி. நீ போ. அவளை வெளியே கொண்டு வராதே. அவளுக்கும் குழந்தைக்கும் போட நம்மிடம் ஒன்றுமில்லை. கதவைத் திறக்காதே, ஈரத்துணி வை என்று மட்டும் சொல்லிவிட்டு வா. நீ வரும் வரை நான் வால்வைத் தொடமாட்டேன்." பிறகு, "நடந்து போ" என்றார்.

முகமூடியை மாட்டப் போனபோது எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டுக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டிருக்கும். முகம் தெரியாத ஒருவன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் குரலில், கதவைத் திறக்காதே என்றால் எந்தத் தாய் கேட்பாள்? ராமுவிடம் கேட்டேன்: "உனக்கும் உன் சம்சாரத்துக்கும் மட்டும் தெரிஞ்சது ஏதாச்சும் ஒண்ணு சொல்லு. அதச் சொன்னாத்தான் அது என்னய நம்பும்."

அவன் என் தோளைப் பிடித்து இழுத்து, என் காதில் ஒரு பெயரைச் சொன்னான். பிள்ளைக்கு வைக்கலாம் என்று அவர்கள் இருவரும் மட்டும் பேசி வைத்திருந்த பெயர். முப்பது கும்பிடும் நாளில் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டியதை அவன் என் காதில் சொன்னான்.

நடந்தேன். அந்தத் தூரத்தை ஓடாமல் நடந்ததுதான் என் வேலைக் காலத்திலேயே நான் செய்த கஷ்டமான காரியம். புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. வேலியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். வீட்டு வாசலை அடைந்தபோது உள்ளே இருமலும் பிள்ளை அழுகிற சத்தமும் கேட்டது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தமும் கேட்டது. அவள் திறக்கப் போகிறாள். ஆபத்திலிருந்து ஆளை மீட்கப் போன நான், கதவை வெளியிலிருந்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரு? யார்டா அது கதவப் புடிக்கிறது? விடு! என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"தெறக்காதம்மா! வெளியதான் பொகை. ராமு சொல்லி வந்திருக்கேன்!"

"பெரட்டு மணி அடிச்சு எல்லாரும் போயிட்டாங்க. நாங்க மட்டும் இங்க இருக்கோம். கதவ விடுய்யா!" அவள் முழுப் பலத்தோடு இழுத்தாள். பிள்ளை பெற்ற உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கதவு ஒரு விரற்கடை திறந்துவிட்டது.

அந்த இடைவெளியில் முகமூடியை அழுத்தி வைத்து அந்தப் பெயரைச் சொன்னேன். "தேன்மொழி. உன் பிள்ளைக்கு அந்தப் பேருதான் வெக்கப் போறீங்கன்னு ராமு சொன்னான். நான் சொல்றதக் கேளும்மா."

இழுப்பு நின்றது. கதவு தானாக மூடிக்கொண்டது.

குளிக்க வைத்திருந்த வேப்பிலைத் தண்ணீரில் துணிகளை நனைத்துக் கதவுச் சந்தில் வைக்கச் சொன்னேன். ஈரச் சேலை ஒன்றைத் தொட்டில் மேல் பந்தல்போலப் போட்டு, அதற்குள்ளேயே அவளும் தலையை வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னேன். அமோனியாவைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அது உங்களுக்குத் தெரியும். "ராமு வந்து கூப்பிட்டாத்தான் தெறக்கணும்" என்றேன். உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், இப்போது கோபமில்லாமல், "சரிங்கண்ணே" என்றது. அதைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன். கண்ணாடிக்குள் கண் கலங்கித் துடைக்க வழியில்லாமல் வந்தேன். அமோனியாவால் அல்ல.

அபாங் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தார். என் செட்டைக் கழற்றி எனக்குப் பக்கத்திலேயே தயாராக வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வால்வை எப்படி அடைத்தார் என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அவர் வெளியே வந்தபோது பெரிய மழை பிடித்துக்கொண்டது. புகை கரைந்து தரையில் விழுந்து, கால்வாயில் ஓடி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மண்டோரின் ஆட்கள் கட்டியிருந்த மண் அணையில் முட்டிக்கொண்டு நின்றது. மறுநாளிலிருந்து அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதும், தொட்டியைக் காலி செய்வதுமாக அங்கேயே கிடந்தோம். ஆற்றில் ஒரு மீன்கூட மிதக்கவில்லை.

மழை விட்டு, வீட்டைச் சுற்றிக் காற்றைச் சோதித்த பிறகு ராமுவை விட்டோம். அவனும் நடந்துதான் போனான், அபாங் கூடவே போனதால். வாசலில் நின்று "சரோ" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டான். கதவு திறந்தது. அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன. பிள்ளை ஈரச் சேலைக்குள் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. ராமு படியிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு மூவரையும் லோரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனோம்.

அன்றிலிருந்து எந்த ஆலைக்கு, எந்தக் கிராமத்துக் கம்பத்துக்குப் போனாலும் எத்தனை பேர் என்று கேட்பதோடு நான் நிறுத்திக்கொண்டதில்லை. பெயர் கூப்பிட்டால் வராதவர்கள் யார், கூப்பிடவே மாட்டாத பெயர்கள் யாருடையவை என்று கேட்பேன். விடுப்பில் இருப்பவள், படுக்கையில் கிடப்பவர், கணக்கில் இல்லாமல் தங்கியிருப்பவன். நீங்களும் கேளுங்கள். கேட்டால் சிலர் எரிச்சல்படுவார்கள், பட்டுவிட்டுப் போகட்டும்.

அன்று சாயங்காலம் எல்லாரும் பள்ளிக்கூடத் திடலில் சேறும் சகதியுமாக நின்றிருந்தார்கள். மண்டோர் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. "நான் அனுப்புன ஆளுங்க. நான் எண்ணித்தான் விடுவேன்" என்று மறுபடியும் பெரட்டு எடுத்தார். இந்த முறை வேலையாட்களோடு நிறுத்தவில்லை. வயசாளிகளைக் கூப்பிட்டார், பிள்ளைகளை வீடு வீடாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன்" என்று குரல் வந்தது. கடைசியில், விடுப்பில் இருக்கும்போது கூப்பிடக்கூடாத பெயரையும் கூப்பிட்டார்.

"சரோஜா!"

பள்ளிக்கூட ஐந்தடித் தாழ்வாரத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள், "இருக்கேன் மண்டோர்" என்றாள்.

மண்டோர் தொப்பியைக் கழற்றினார். ராமு கையைத் தூக்கினான். "மண்டோர், இன்னொரு ஆளு இருக்கு."

"முப்பது கழியலையேடா. பேரச் சொல்லக் கூடாதே" என்றாள் ஒரு கிழவி.

ராமு என்னைப் பார்த்தான். "அதான் வெளிய சொல்லியாச்சே" என்றான். போய் மண்டோரின் காதில் சொன்னான்.

மண்டோர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். ஆட்களைக் காட்டுக்கு அனுப்புகிற அதே அதட்டலில், திடல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"தேன்மொழி!"

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. யார் பதில் சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில், லோரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அபாங் எழுந்து நின்றார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தவர், கையைத் தூக்கி, "இருக்கேன்!" என்றார்.

அவர் பேசி நான் கேட்ட ஒரே தமிழ் வார்த்தை அதுதான்.